இடக்கைப் பந்தி

1

பத்திரிகை ஆசிரியர் போன கடிதத்திலும் கேட்டிருந்தார்: "அங்கே நடிகர் நடிகைகளையெல்லாம் நேரில் பார்ப்பீர்களே, அதைப் பற்றி எழுதக் கூடாதா?" நான் இருப்பது லண்டனில் இல்லை என்று எத்தனை முறை எழுதினாலும் மனிதருக்கு உறைக்கவில்லை. இது இங்கிலாந்தின் வடக்கே, காயப்போட்ட துணி ஆலைப் புகையில் கறுத்துப்போகும் ஓர் ஊர். என் வீட்டுக்காரர் ரயில் பெட்டி கட்டும் தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறார். நட்சத்திரம் பார்க்க வேண்டுமென்றால் மேகம் விலக வேண்டும். அதுவே இங்கே அபூர்வம்.

எனக்குத் தெரிந்த சினிமாவெல்லாம் எங்கள் தெருக்கோடி மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் படச் சங்கத்தார் போடுகிற சின்னப் படங்கள்தான். கம்பெனி கிடையாது, ஸ்டூடியோ கிடையாது. தபால்காரரும் பள்ளி வாத்தியாரும் கடனாக வாங்கிய காமிராவில் எடுப்பவை. நான் அந்தச் சங்கத்தில் உறுப்பினர்கூட இல்லை. இடைவேளையில் தேநீர் போட்டுக் கொடுப்பவள். கோப்பைகளை அடுக்கிக்கொண்டே பின்னாலிருந்து பார்த்துவிடுவேன்.

இந்த மாதச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பேட்டைத் தபால்காரர் தன் தாயார் துணி துவைப்பதை இருபது நிமிஷம் படம் எடுத்துப் போட்டார். இதெல்லாம் ஒரு படமா என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். கடைசியில் அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு காமிராவைப் பார்த்து "போதுமா?" என்று வாயசைத்தபோது மண்டபமே சிரித்தது. நூலாலையில் வேலை செய்கிற இரண்டு பெண்கள் மழையில் நிற்கும் ஒரு பஸ் நிறுத்தத்தை மூன்று சனிக்கிழமை எடுத்திருக்கிறார்கள். சுருளில் தண்ணீர் இறங்கிப் பாதிப் படம் வெளுத்துவிட்டது. அதை வெட்டாமல் அப்படியே போட்டு, மூடுபனி என்று சொல்லிச் சமாளித்தார்கள். புறாப் பந்தயம் பற்றிய ஒரு படம் சமையலறை மேஜைமேல் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதை ஏதோ போட்டிக்கு அனுப்பப்போகிறார்களாம்.

இத்தோடு முடித்துத் தபாலில் போட்டிருப்பேன். மூன்றாவது ஞாயிறு போட்ட ஒரு படத்தால் அது நடக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு முந்தின வியாழக்கிழமை வந்த கடிதத்திலிருந்து சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். சினிமாச் செய்தி என்று ஆரம்பித்துவிட்டுக் குடும்பக் கதையைக் கொட்டுகிறாளே என்று ஆசிரியர் தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொள்ளட்டும்.

2

காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து அய்யன் எழுதியிருந்தார். என் அப்பாவை நாங்கள் அய்யன் என்றுதான் கூப்பிடுவோம். நலம் விசாரித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்:

"உன் அண்ணன் செங்கோடன் ஊட்டை விட்டுப் போயி ஏழு வருஷம் ஆகுது. இனி இருப்பான்னு நம்பிக்கையில்லை. உன் ஆத்தா சோறு தண்ணி இல்லாமக் கெடக்கறா. ஆவி அலையுதுன்னு ஜோசியர் சொல்றாரு. வார ஆடி அமாவாசைக்கு மோகனூர்க் காவேரிக் கரையில காரியத்தை முடிச்சுடலாம்னு இருக்கறோம். நீ அங்கியே தலைக்குத் தண்ணி ஊத்திக்க கண்ணு."

தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள் என்றால் செத்தவனுக்காகக் குளி என்று அர்த்தம். உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றே தெரியாதவனுக்காக எப்படிக் குளிப்பது? கடிதத்தை மடித்துத் தேநீர் போடும்போது கட்டிக்கொள்கிற துணியின் பையில் வைத்தேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஆடி அமாவாசைக்கு நாலு வாரம்கூட இல்லை.

"அம்மணி, அடுப்புல பால் பொங்கிட்டு இருக்குது, நீ எங்க பாத்துட்டு நிக்கறே?" என்றார் வீட்டுக்காரர்.

"இல்லீங்க, ஒண்ணுமில்லீங்க" என்றேன். ஒன்றும் இல்லாமலா?

செங்கோடன் எனக்கு நாலு வயது மூத்தவன். கரும்பாலை உருளையில் கை மாட்டி, வலது கையில் கட்டை விரலும் பக்கத்து இரண்டு விரல்களும் போய்விட்டன. மிச்சமிருந்த இரண்டு விரலால் சோற்றைப் பிசையலாம், அள்ளி வாயில் போட முடியாது. அதனால் இடது கையால் சாப்பிடப் பழகினான். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விசேஷ வீடுகளுக்குப் போனால் மட்டும் பசியில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுவான்.

என் மகள் பூங்கொடிக்கு மூன்று வயதில் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? அண்ணன் மடியில்தான் உட்கார்ந்தாள். அவள் காதிலிருந்து கசிந்த ரத்தம் ஒரு சொட்டு அவன் வேட்டியில் விழுந்தது. அதைத் துடைக்காமல் சிரித்துக்கொண்டே இருந்தான். அந்தச் சந்தோஷத்தில், யார் கூப்பிட்டார்களோ, பந்தியில் உட்கார்ந்துவிட்டான். நான் பொரியல் வாளியோடு வந்துகொண்டிருந்தேன். எதிர் வரிசையில் இருந்த வீட்டுக்காரரின் பெரியப்பா சத்தமாகவே கேட்டார்: "ஏனுங்க, பந்தியில எடக்கையில உண்ணுட்டு இருக்கறது யாருங்க?"

அய்யன் முகம் கறுத்தது. அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "அம்மணி, அண்ணனுக்கு உள்ள எலை போட்டுக் குடு."

நான் வாளியைக் கீழே வைத்தேன். அண்ணன் முன்னால் இருந்த இலையை எடுத்தேன். அவன் இரண்டு வாய்தான் சாப்பிட்டிருந்தான். உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கத்தான் எடுத்தேன் என்று ஏழு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்கிறவன் முன்னாலிருந்து இலையை எடுத்தேன், அதுதான் நடந்தது.

"எடுத்துட்டியா அம்மணி. செரி" என்றான். எழுந்து போய்க் கை கழுவினான். கழுவின ஈரத்தோடு போனவன்தான்.

சேலம், ஈரோடு, மேட்டூர் எல்லா இடமும் தேடினோம். சந்தைக்கு மிளகு கொண்டுவருகிற மலைக்காரர்களிடம்கூடக் கேட்டோம். தெரியாது என்றார்கள். அடுத்த வருஷம் நாங்கள் கப்பலேறிவிட்டோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இங்கே வந்த பிறகுதான் பூங்கொடிக்கு இடது கைப் பழக்கம் இருப்பது தெரிந்தது. எழுதுவது, பந்து போடுவது எல்லாம் இடது கைதான். பள்ளியில் யாரும் கண்டுகொள்வதில்லை. அங்கே அவளுக்குப் பெயரே பாப்பி. ஆனால் வீட்டில் சோற்றில் இடது கை வைத்தால் நான் தட்டிவிடுவேன். ஆறு வருஷமாகத் தட்டுகிறேன். என் அண்ணனை எழுப்பிய பந்தி நாளைக்கு இவளையும் எழுப்பிவிடுமோ என்ற பயம். அவளிடம் அதைச் சொல்ல முடியுமா? "நம்ம ஊர்ல யாருமே இப்படிச் சாப்பிட மாட்டாங்க" என்று மட்டும் சொல்வேன். "நான் உங்க ஊர் இல்லையே" என்பாள் இங்கிலீஷில்.

3

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சித் தாளில் மூன்றாவதாக "தென்னிந்திய மலைப் பயணம், கலர், பேச்சில்லாப் படம், பன்னிரண்டு நிமிஷம்" என்று போட்டிருந்தது. எடுத்தவர் பெல் என்ற ஓய்வுபெற்ற தாவர நூல் வாத்தியார். அவரும் மனைவியும் செடி கொடி பார்க்க இந்தியா போய்வந்தவர்களாம். ஊட்டியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பூங்கொடியை முன் வரிசையில் உட்காரவைத்துவிட்டுக் கோப்பைகளைக் கழுவப் போனேன்.

இருட்டில் பெல்லின் குரல் கேட்டது. படம் ஓடும்போது அவரே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "இது கொல்லி ஹில்ஸ். இந்தப் பாதையில் நாங்கள் நடந்தே ஏறினோம்." என் கையில் இருந்த கோப்பை தொட்டிக்குள் விழுந்தது. உடையவில்லை, நல்லவேளை.

ஓடிவந்து பார்த்தால், திரையில் மலை. அடிவாரத்திலிருந்து எடுத்திருந்தார். எங்கள் புறக்கடையில் நின்று பல் விளக்கும்போது தினமும் பார்த்த மலை. இடது பக்கம் மொட்டையாக உயர்ந்து வலது பக்கம் படிப்படியாக இறங்கும். திரையில் அது வலது பக்கம் உயர்ந்து இடது பக்கம் இறங்கியது.  ஆறு வருஷத்தில் மலை எந்தப் பக்கம் உயரும் என்பதே மறந்துவிட்டதா? கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். முன்பு தெரிந்ததும் குழம்பியது. வேறு பக்கத்திலிருந்து எடுத்திருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் முன்னால் தெரிந்தது எங்கள் அடிவாரத்துக் காரவள்ளிப் புளியமரங்கள்தான்.

படம் அவ்வளவு தெளிவாகவும் இல்லை. மிஷின் ஓட்டுகிற ஹார்ப்பர் அதன் கண்ணாடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அவர்தான் சங்கத்துக்குச் செயலாளரும்.

பலா மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, சாமைக் கொல்லை, பிறகு மலைமேல் குண்டூர் நாடு என்று பெல் சொன்ன பகுதியில் ஏதோ ஒரு சிற்றூரில் கோயில் சாப்பாடு. தரையில் இலை போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காமிரா ஒவ்வொருவராக மெல்ல நகர்ந்தது. வரிசையின் கடைசியில் தலைப்பாகை கட்டிய ஒருவன். தாடி. யாரோ ஏதோ சொல்ல, சிரிப்பதற்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டான். என் அண்ணன் அப்படித்தான் குனிவான். கையைப் பார்த்தேன். மூன்று விரல்கள் இல்லை.

 அதற்குள் இன்னொன்றும் கண்ணில் பட்டது. விரல்கள் இல்லாதது இடது கையில். அவன் வலது கையால் பதவிசாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அண்ணனுக்குப் போனது வலது கை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது வலது கையாக இல்லாமலிருந்தால் அந்தப் பந்தியில் ஒன்றுமே நடந்திருக்காதே. அப்படியென்றால் இவன் வேறு யாரோ. ஆலையும் உருளையும் உலகத்தில் ஒன்றுதானா, விரல் போனவன் ஒருத்தன்தானா? படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். நான் தேநீர் ஊற்றப் போனேன். பாதி கோப்பையிலும் பாதி தட்டிலும் விழுந்தது. பையில் இருந்த கடிதம் நெருப்பாகச் சுட்டது. அப்போதுதான் முதல் முறையாக, அவன் செத்துத்தான் போயிருப்பான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

4

பூங்கொடி கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெற்றியை நான் பார்த்ததே இல்லை.

"அம்மா, நீ பொய் சொல்லிட்டே."

"என்ன பொய்?"

"உங்க ஊர்ல எல்லாருமே லெஃப்ட் ஹேண்ட்லதான் சாப்பிடறாங்க. நான் எண்ணிப் பாத்தேன். தாத்தா, பாட்டி, பசங்க எல்லாரும். ஒரே ஒருத்தர் மட்டும்தான் உன்னை மாதிரி ரைட்ல சாப்பிடறார். அந்தக் கடைசில இருந்தவர்."

"சும்மா உளறாதே கண்ணு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகுதான் அவள் சொன்னது உள்ளே இறங்கியது. தேநீர்க் கூஜாவைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாருமா?" என்று கேட்டேன்.

"எல்லாரும். இனிமே என் கையைத் தட்டக் கூடாது."

குண்டூர் நாட்டில் ஒரு பந்தி முழுக்க இடது கையால் சாப்பிடுமா? அதை எப்படி நான் பார்க்காமல் போனேன்? பார்த்தேன், ஆனால் கண் உறுத்தவில்லை. இடது கையில் முள்கரண்டியைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகிறவர்கள் நடுவே ஆறு வருஷமாக இருக்கிறேன். எந்தக் கை என்று பார்க்கிற கண்ணே என்னிடம் இல்லாமல் போயிருக்கிறது. இத்தனைக்கும் வீட்டில் மகள் கையைத் தட்டுகிறவள் நான். வெட்கமாக இருந்தது. வெட்கப்பட நேரம் இல்லை.

மலை மாறியிருந்தது. கை மாறியிருந்தது. என் ஞாபகம் தவறவில்லை, படம்தான் புரண்டு கிடந்தது. படம் புரண்டதென்றால் அந்தக் கடைசி மனிதனுக்கு விரல் இல்லாதது வலது கை. அந்தப் பந்தியில் இடது கையால் சாப்பிடுகிறவன் அவன் ஒருத்தன்தான்.

5

ஹார்ப்பரிடம் ஓடினேன். பதற்றத்தில் எனக்கு இங்கிலீஷ் போய்விடும். "திருப்பிப் போடுங்க, திருப்பிப் போடுங்க" என்று தமிழில் சொல்லி, பிறகு இங்கிலீஷில் சொன்னேன். அவர் படத்தைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். பூங்கொடிதான் விளக்கினாள். அந்த நேரத்தில் அவள் இங்கிலீஷ் எனக்குத் தேவைப்பட்டது.

இருபது வருஷமாக மிஷின் ஓட்டுகிறேன், ஒரு சுருளையும் தப்பாக மாட்டியதில்லை என்றார் ஹார்ப்பர். ஒருவேளை அந்த ஊரில் இடது கையால் சாப்பிடுவதுதான் வழக்கமோ என்னவோ என்று வேறு சொன்னார். என் ஊரில் எந்தக் கையால் சாப்பிடுவார்கள் என்பதை எனக்கே சொல்லித்தந்தார் அந்தப் புண்ணியவான். பெல்லைக் கேட்டோம். மூன்று வாரம் அந்த மலையில் தங்கியவர், எந்தக் கை என்று கவனிக்கவில்லை என்றார். அவர் மனைவியும் அப்படியே. தாங்கள் கரண்டி கொண்டுபோயிருந்ததாகச் சொன்னாள்.

போதாக்குறைக்குச் சட்டம் ஒன்று வந்து நின்றது. ஒரு முறை போட்ட சுருளை மறுபடி போடக் கமிட்டியின் அனுமதி வேண்டுமாம். கமிட்டி கூடுவது அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை. சுருளோ மறுநாள் காலை வேறு ஊர்ச் சங்கத்துக்குப் போகிறது. ஐந்து மணிக்கு மண்டபம் சர்ச் பாட்டுக்காரர்களுக்கு. மணி நாலரை. எனக்குக் கத்தி அழ வேண்டும் போல் இருந்தது. கத்தியிருந்தால் ஒருவேளை சீக்கிரம் நடந்திருக்கும். இந்த ஊரில் யாரும் கத்துவதில்லை.

பெல் தேநீரை வாய்க்குக் கொண்டுபோனார். அவர் இடது மணிக்கட்டில் கைக்கடிகாரம்.

"இந்தப் படத்தில் நீங்கள் வருகிறீர்களா?" என்று கேட்டேன்.

"ஒரு இடத்தில். பாறைமேல் உட்கார்ந்திருப்பேன். இவள் எடுத்தது."

"கடிகாரம் கட்டியிருந்தீர்களா?"

"அதைக் கழற்றவே மாட்டேன்."

சுருளில் அந்த இடத்தைத் தேடி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்கள். செடி பார்க்கிற பூதக்கண்ணாடியைப் பெல் பையிலிருந்து எடுத்தார். ஒரு பக்கமாகப் பிடித்தால் கடிகாரம் வலது கையில். புரட்டிப் பிடித்தால் இடது கையில். மிஷினுக்குள் எந்தப் பக்கமாக ஓடியது என்று ஹார்ப்பர் சுருளைப் பார்த்தார். ஓடியது கடிகாரம் வலது கையில் தெரிகிற பக்கம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேச்சில்லாப் படத்துக்கு இரண்டு ஓரத்திலும் துளை இருப்பதால் எந்தப் பக்கமாகவும் மாட்ட வருமாம். "வீட்டில் நான்தான் கையால் சுற்றினேன்" என்று பெல்லின் மனைவி மெல்லச் சொன்னாள். ஹார்ப்பருக்கு உயிர் வந்தது. தப்பு அவருடையது இல்லை. உடனே சட்டத்துக்கும் வழி கண்டுபிடித்துவிட்டார். "போட்ட படத்தை மறுபடி போடக் கூடாது என்பதுதான் விதி. இதை நாம் இன்னும் சரியாகப் போடவே இல்லையே" என்றார். அவர் நன்றாக இருக்கட்டும்.

திரையை மறுபடி இழுத்தார்கள். நாங்கள் ஐந்து பேர்தான். மலை இடது பக்கம் உயர்ந்தது, வலது பக்கம் இறங்கியது. அதைப் பார்த்ததுமே எனக்கு அழுகை வந்துவிட்டது. பந்தி வந்தது. எல்லாரும் வலது கையால் சாப்பிட்டார்கள். என் கையைப் பிடித்திருந்த பூங்கொடியின் பிடி தளர்ந்தது. "ஓ" என்றாள், அவ்வளவுதான். கால் மணி நேரம் அவளுக்கென்று ஒரு ஊர் இருந்தது, அதை நான் பிடுங்கிவிட்டேன்.

கடைசி ஆளுக்குக் காமிரா வந்தது. செங்கோடன். இடது கையால் சோற்றை அள்ளினான். சோறு போடுகிற பெண் அவன் இலையிலும் போட்டுவிட்டு, போட்டதையே கவனிக்காதவள் மாதிரி நகர்ந்து போனாள். பக்கத்தில் இருந்தவன் ஏதோ சொன்னான். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். யாரும் அவன் கையைப் பார்க்கவில்லை. அது ஒரு பந்தி, அதில் அவன் ஒரு ஆள்.

"அவர் மட்டும் ஏன்மா லெஃப்ட்ல சாப்பிடறார்?"

"சோத்துக் கையில வெரல் இல்லை சாமி."

"யாரு அவரு?"

"உன் மாமன். உனக்குக் காது குத்துனப்ப அவன் மடியிலதான் உக்காந்திருந்தே."

அவள் இருட்டில் காது மடலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "என்னை மாதிரியே அள்ளறார்" என்றாள்.

விளக்குப் போட்ட பிறகு பெல்லுக்கு ஞாபகம் வந்தது. போன ஜனவரியில் எடுத்தது அது. அந்த மனிதர் காமிராவை நிறுத்தும் முக்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கும் வழியில் துணைக்கு வந்தாராம். பாதி மலையில், கீழே வயல்களும் ஊரும் தெரிகிற பாறை ஒன்று உண்டு. அங்கே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். அதற்குமேல் இறங்க மாட்டேன் என்று சைகை காட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாராம். "என் படத்தை அந்தப் பாறையில்தான் எடுத்தோம்" என்றார் பெல். அங்கிருந்து தெரிகிற ஊர் எதுவென்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

6

வீட்டுக்கு நடந்து வரும்போது பூங்கொடி கேட்டாள், மாமா ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று. இலையை எடுத்த கதையைச் சொன்னேன். ஏழு வருஷத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னது ஒரு பத்து வயதுப் பெண்ணிடம். அவளுக்குப் புரியவில்லை. "ஸ்கூல்லயும்தான் பிளேட்டை எடுத்துட்டுப் போயிடறாங்க. அதுக்கா?" என்றாள். அதற்குத்தான் என்றேன்.

வீட்டுக்காரருக்குப் புரிந்தது. செய்தித்தாளை மடித்து வைத்தார். பிறகு, "கேட்டது எம் பெரியப்பன். எடுத்தது நீ. எதுத்தாப்புல உக்காந்து அதைப் பாத்துட்டே உண்ணது நானு அம்மணி" என்றார். இத்தனை வருஷம் அவரும் சொல்லாமல் வைத்திருந்தார்.

திங்கட்கிழமை காலை தபால் ஆபீஸ். தந்திப் படிவத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்து ஜன்னலில் இருந்தவர் மலைத்துவிட்டார். இது ஒரு ஊரா, இரண்டு மூன்று ஊர்களைச் சேர்த்து எழுதிவிட்டீர்களா என்று கேட்டார். ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து விரல் வைத்துத் தேடினார். இல்லை. பக்கத்து ஊரான சேந்தமங்கலம் இருக்கிறதா பாருங்கள் என்றேன். அதுவும் இல்லை. கடைசியில் மதராஸ், சேலம் ஜில்லா என்று போட்டு, போய்ச் சேருவதற்குத் தாம் பொறுப்பில்லை என்று எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். "செங்கோடன் உயிரோடு. குண்டூர் நாடு. காரியம் வேண்டாம். கடிதம் பின்னால்." இவ்வளவுதான் தந்தி.

அனுப்பிவிட்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. எங்கள் ஊரில் தந்தி என்றால் சாவு. சைக்கிள்காரன் வாசலில் இறங்கும்போதே ஆத்தா மாரில் அடித்துக்கொண்டு விழுந்துவிடுவாள். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் வந்து படித்துச் சொல்வதற்குள் தெருவே கூடி அழுதுவிடும். உயிரோடு இருக்கிறான் என்று சொல்லப் போய் அவனுக்கு எழவு கூட்டிவிட்டேனோ?

இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. பதில் இல்லை. தந்தி போனதா? போயிருந்தால் அய்யன் நம்பினாரா? திரையில் பார்த்தேன் என்றால் ஊரில் என்ன நினைப்பார்கள்? நம்பினாலும் அய்யன் மலை ஏறுவாரா, இல்லை ஆள் அனுப்பி இழுத்துவரச் சொல்வாரா? ஆள் வருகிறது என்று தெரிந்தால் அண்ணன் இன்னும் உள்ளே எங்காவது போய்விடுவானே. ஜனவரியில் இருந்தவன் ஜூலையிலும் அங்கேதான் இருக்கிறானா? 

அதனால்தான் ஆசிரியர் கேட்ட சினிமாச் செய்தியோடு இதையும் சேர்த்து அனுப்புகிறேன். வெட்டிவிடாமல் போட வேண்டும் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். உங்களில் யாராவது காரவள்ளி வழியாக மேலே போகிறவர்கள் இருப்பீர்கள். மிளகு வாங்க, மாடு பிடிக்க, ரோடு வேலைக்கு. குண்டூர் நாட்டுப் பக்கம் போனால், வலது கையில் மூன்று விரல் இல்லாத, சிரிக்கும் முன்னால் தலை குனிகிற ஒருவனைப் பார்ப்பீர்கள். ஊருக்கு வா என்று கூப்பிட வேண்டாம். அய்யன் பெயரைச் சொல்ல வேண்டாம். என்னை மன்னிக்கச் சொல்லியும் கேட்க வேண்டாம். அதை நானே வந்து கேட்கிறேன்.

அவனிடம் இதை மட்டும் சொல்லுங்கள். உன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவள் உன்னை மாதிரியே இடது கையால்தான் சாப்பிடுகிறாள். ஆறு வருஷமாக உன் தங்கை அந்தக் கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். இப்போது தட்டுவதில்லை.